‘ஆச்சு’ன்னு சொல்லக் கூடாது

— வெளிய அந்த ஜன்னல் கண்ணாடிய யாரு தொடச்சது?

— தொடச்சாச்சு, மேடம்.

— யாருன்னு கேட்டேன்ம்மா.

— சும்மா உக்காந்திருந்த நேரம்தானே... ஒரே தூசி. பழைய பேப்பர் ஒண்ணு கெடந்துச்சு. தொடச்சாச்சு.

— பாத்தீங்களா, மறுபடி ஆச்சு!

— அய்யோ... வந்துடுச்சா?

— ரெண்டு தடவ வந்துடுச்சு.

— பழகின வாய், மேடம்.

— பதினாலு வாரமா என்ன சொல்லிட்டிருக்கேன்? சமைச்சாச்சு, தொவச்சாச்சு, பெருக்கியாச்சுன்னா அது யாரு செஞ்ச வேலை? பேய் வந்து பெருக்கிட்டுப் போச்சா?

— எங்க வீட்டுக்கு வந்தா பேயும் பெருக்கிட்டுத்தான் போகணும்.

— சிரிக்கறீங்க. நல்லது. இப்ப அதே வாயால ‘ஏன்’ல முடிச்சுச் சொல்லுங்க.

— தொடச்சேன்.

— யாரு?

— ...நான். நான் தொடச்சேன். போதுமா? இந்த ‘ஏன்’, ‘ஏன்’னு முடிக்கறப்பல்லாம் யாரோ எதிர்ல நின்னு கேள்வி கேக்கற மாதிரியே இருக்கு, மேடம். ஏன் தொடச்சே, ஏன் சமைச்சே...

— யாரும் கேக்கல. செஞ்ச ஆளு நீங்கன்னு உங்க வாய் சொல்லணும், உங்க காது கேக்கணும். அவ்ளோதான்.

— அந்த டம்ளர்...

— நகத்த வேணாம். விழாது.

— ஓரமா இருக்கேன்னு...

— ஓரமாவே இருக்கட்டும். நீங்க நாற்காலில நல்லா சாஞ்சு உக்காருங்க. நுனியில உக்காந்தா யாரோ எழுப்ப வர்ற மாதிரியே இருக்கு.

— இதுவே வசதியாத்தான் இருக்கு.

— வெளிய ரொம்ப நேரம் காத்திருந்தீங்களா?

— இல்ல இல்ல. ஒரு பத்து நிமிஷம். தட்டினேன்... ஆங், பாருங்க, ‘ஏன்’ல வந்துச்சு! மூணு தடவ தட்டினேன்.

— போன்ல இருந்தேன்ம்மா. தட்டினது காதுல விழல. கதவு சும்மாதான் சாத்தியிருந்துச்சு. தொறந்துட்டு வர வேண்டியதுதானே?

— உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

— நாலு மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் எனக்கு ஒரே வேலை நீங்கதான். இந்த ரூமே அந்த நேரத்துக்கு உங்களோடது.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க, கூச்சமா இருக்கு. ...அப்புறம், மேடம். ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க.

— இன்னியோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன். இங்க கவுன்சிலிங்குக்கு வர்றத.

— ...என்னாச்சு?

— ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் ஆயிட்டேனே. முன்னாடி வந்தப்ப எப்படி இருந்தேன்? தலையே நிமிர மாட்டேன். நான் எதுக்கு ஆவேன், வேலைக்கு மட்டும்தான்னு ஒரு மணி நேரம் அழுதேன். இப்ப பாருங்க, வாயாடறேன்.

— வாயாடறீங்கதான். பஸ்ல வந்தீங்களே, சீட் இருந்துச்சா?

— ஒண்ணு காலியா இருந்துச்சு.

— உக்காந்தீங்களா?

— ...பைய வச்சேன்.

— பைய உக்கார வச்சிட்டு நீங்க நின்னுட்டு வந்தீங்களா?

— ரெண்டு ஸ்டாப்தானே, மேடம்.

— இதுக்குப் பேரு நல்லா ஆயிட்டேனா?

— பை கனமா இருந்துச்சு.

— சரி, நிறுத்தறத பத்திக் கடைசியா பேசுவோம். இன்னிக்குத்தான் கடைசின்னா, ஒண்ணையாவது முழுசா சொல்லிட்டுப் போங்க. ...வீட்ல எப்படிப் போகுது?

— எப்பவும் போலத்தான். காலைல அவருக்கு மூஞ்சி தொடச்சு விட்டாச்சு. மருந்து குடுத்தாச்சு. சாப்பாடு கரைச்சு ஊட்டியாச்சு. திருப்பிப் படுக்க வச்சாச்சு.

— ம்.

— பதினோரு வருஷமா இதேதானே. அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டதுலருந்து... அவரு கட்டில்ல, நான் நாற்காலில.

— ம்... நோட்டு கொண்டு வந்தீங்களா?

— இதோ.

— முன்னாடியெல்லாம் நாலரைக்கே கடியாரத்த பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. அவர திருப்பணும், நேரமாச்சுன்னு பைய மடியில எடுத்து வச்சுப்பீங்க. இப்பல்லாம் பாக்கறதே இல்ல.

— பக்கத்து வீட்டுக்காரம்மா... பாத்துக்கறாங்க.

— நல்லவங்க.

— நல்லவங்கதான்.

— அட்டைல பேர் இன்னும் எழுதலயே?

— என் பொண்ணோட பழைய நோட்டு. அவ பேருதான் இருந்துச்சு. ரப்பர் வச்சு அழிச்சாச்சு.

— யாரு?

— அழிச்சேன், அழிச்சேன். விட மாட்டீங்களே.

— அழிச்ச எடம் காலியா இருக்கே.

— எழுதறேன். யாராவது எடுத்துப் பாத்தா, இவளுக்கு எதுக்கு நோட்டுன்னு கேப்பாங்களோன்னு...

— உங்கள வீட்ல யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?

— யாரு கூப்பிடறது? பொண்ணு அம்மாம்பா. அவரு நல்லா இருந்தப்ப ‘இங்க பாரு’ன்னுவாரு. முப்பது வருஷமா என் பேரு ‘இங்க பாரு’தான். வாய் போனப்புறம் ஸ்பூன்.

— ஸ்பூனா?

— சொன்னதில்லயா? நல்லா இருக்கற கையில ஒரு ஸ்பூன் வச்சிருப்பாரு. அதால கட்டில் கம்பியத் தட்டுவாரு. ஒரு தட்டுன்னா தண்ணி வேணும். ரெண்டு தட்டுன்னா திருப்பிப் படுக்க வைக்கணும். வீட்ல எந்த மூலையில இருந்தாலும் கேக்கும்.

— மூணு தட்டுன்னா?

— மூணெல்லாம்... எப்பவாச்சும்தான்.

— எப்பவாச்சும்னா, என்ன அர்த்தம்?

— நோட்டப் படிக்கட்டுமா, மேடம்?

— ...படிங்க. ஒரு நிமிஷம். கையெழுத்து அழகா இருக்கு.

— எங்க, மேடம்! கோழி கிளறின மாதிரி...

— என்ன பேசி வச்சிருக்கோம்? யாராவது நல்ல வார்த்தை சொன்னா?

— நன்றின்னு மட்டும் சொல்லணும்.

— சொல்லுங்க.

— நன்றி. ...ஆனா கோழி கிளறினதுதான்.

— படிங்க, படிங்க.

— ‘வெள்ளிக்கிழமை. ஜன்னலத் தொறந்து வச்சேன். வாசல்ல நின்னு தெருவப் பாத்தேன்.’

— எவ்ளோ நேரம்?

— ஒரு பஸ் போச்சு, இன்னொரு பஸ் போச்சு... மூணாவது வர்றப்ப உள்ள வந்துட்டேன். ‘சனிக்கிழமை. போர்வையெல்லாம் தொவச்சேன். மடிச்சேன். அலமாரில மேல் தட்டுல வச்சேன்.’

— ம்.

— ‘ஞாயிறு. பொண்ணு போன் பண்ணினா. சாப்பிட்டேன்னு சொன்னேன். அப்புறம் சாப்பிட்டேன்.’

— மொதல்ல சொல்லிட்டு அப்புறம் சாப்பிட்டீங்களா?

— பொய்யாயிடக் கூடாதுல்ல?

— ...சரி.

— ‘திங்கள். சட்டைங்கள வெயில்ல போட்டேன். ஒரு சட்டைல பட்டன் இல்ல. தச்சேன். மறுபடி உள்ள வச்சேன். செவ்வாய். கடைக்குப் போனேன். மருந்துக் கடைக்காரரு, என்னம்மா ஆளையே காணோம்னு கேட்டாரு.’

— என்ன சொன்னீங்க?

— பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன்.

— எந்த பஸ்?

— எதுவோ ஒண்ணு. அடுத்த ஸ்டாப்ல எறங்கி நடந்து வந்தேன்.

— ...அப்புறம்?

— ‘புதன். கட்டில் கம்பியத் தொடச்சேன். துரு இருந்துச்சு.’ அதுக்கப்புறம் அன்னிக்கு ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருந்தேன்.

— உக்காந்திருந்தேன்னு எழுதலாமே. அதுவும் ‘ஏன்’லதானே முடியுது?

— உக்காந்திருக்கறது ஒரு வேலையா, மேடம்?

— சில நேரம் அதுதான் பெரிய வேலை.

— ...

— என்னம்மா?

— ஒண்ணுமில்ல.

— இந்த நோட்டுல ஒண்ணு கவனிச்சேன்.

— தப்பா எழுதிட்டேனா?

— உடனே தப்பான்னு கேக்காதீங்க. தப்பில்ல. ...அவரு இதுல இல்ல. வாயில சொல்றப்ப மருந்து குடுத்தாச்சு, திருப்பியாச்சு. நோட்டுல ஒரு எடத்துல கூட ‘மருந்து குடுத்தேன்’னு இல்ல.

— எழுதல.

— ஏன்?

— எழுத வரல, மேடம்.

— மேடம்... உள்ள வரலாமா?

— வாங்க. ரிசப்ஷன்ல யாராவது வந்திருக்காங்களா?

— அஞ்சு மணிக்கு வர்றவரு இன்னிக்கு வரலயாம், போன் பண்ணாரு. நான் கெளம்பட்டுமா?

— கெளம்புங்க.

— உங்க போன் மதியத்துலருந்து என் மேஜைலதான் சார்ஜ்ல கெடக்கு. எடுத்துட்டு வரட்டுமா?

— ...அங்கயே இருக்கட்டும். நான் எடுத்துக்கறேன்.

— வெளிய ஜன்னல பாத்தீங்களா, மேடம்? பளபளன்னு இருக்கு. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள யாரு தொடச்சாங்கன்னே தெரியல!

— நான் தொடச்சேன்மா.

— நீங்களா! தேங்க்ஸ்ம்மா... நானும் ஒரு வருஷமா தொடைக்கணும், தொடைக்கணும்னு... சரி, வர்றேன், மேடம்.

— கதவ சாத்திட்டுப் போங்க. ...பாத்தீங்களா? யாரும் பிடிச்சு உலுக்காம நீங்களே சொல்லிட்டீங்க. நான் தொடச்சேன்மான்னு.

— வந்துடுச்சு.

— விட்ட எடத்துக்கு வருவோமா? எழுத வரலன்னீங்க.

— ‘ஆச்சு’ன்னா சொல்லிடலாம், மேடம். மருந்து குடுத்தாச்சு. யாரு குடுத்தா, என்னிக்குக் குடுத்தா, ஒண்ணும் தெரியாது. சொல்லிட்டுப் போயிட்டே இருக்கலாம். ‘ஏன்’ல பொய் சொல்ல வரல. பேனா அப்படியே நிக்குது.

— பொய்யா? ...கடைசிப் பக்கத்த மடிச்சு வச்சிருக்கீங்களே.

— அது வேணாம்.

— நான் படிக்கட்டுமா?

— வேணாம். நானே... நானே படிக்கறேன். கண்ணாடி எங்க வச்சேன்...

— தலையில இருக்கு.

— ஆங்.

— மெதுவாம்மா. யாரும் தொரத்தல.

— ‘வியாழக்கிழமை. மூணு மணி. டீ போட்டேன்.’

— ம்.

— ‘ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். சமையல்கட்டுல நாற்காலியப் போட்டு உக்காந்தேன்.’

— ...ம்.

— நீங்கதானே அந்த வாரம் வீட்டுப்பாடம் குடுத்தீங்க. ஒரு நாளைக்கு ஒரு டீ. ஆறறதுக்குள்ள, உக்காந்து, முழுசா குடிங்க. யாரு கூப்பிட்டாலும் குடிச்சு முடிச்சிட்டு எந்திரிங்க. பத்து நிமிஷத்துல உலகம் ஒண்ணும் முழுகிடாதுன்னு.

— ...சொன்னேன்.

— பதினோரு வருஷத்துல சூடா ஒரு டீ குடிச்சதில்ல, மேடம். வாயில வச்சதும் நாக்கு சுட்டுச்சு. அது கூட நல்லா இருந்துச்சு. எனக்காக ஒண்ணு செஞ்சுக்கறேன்னு... சிரிப்பு கூட வந்துச்சு. அப்பதான் கேட்டுச்சு.

— என்ன கேட்டுச்சு?

— ஸ்பூன்.

— எத்தன தட்டு?

— மூணு.

— மூணுன்னா...

— மூணுன்னா ஒண்ணும் வேணாம்னு அர்த்தம். தண்ணி வேணாம். திருப்ப வேணாம். சும்மா வந்து பக்கத்துல உக்காரு. அவ்ளோதான். ஒரு தட்டுன்னா ஓடியிருப்பேன், மேடம். ரெண்டுன்னாலும் ஓடியிருப்பேன். மூணுதானே... சும்மாதானே கூப்பிடறாரு, குடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன். மறுபடி தட்டினாரு. மூணு. அதுவும் கேட்டுச்சு. ...இல்ல. கேட்டேன். நான் கேட்டேன். எந்திரிக்கல. குடிச்சேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். டம்ளர கழுவினேன். கவுத்து வச்சேன். அப்புறம் போனேன்.

— அம்மா...

— ஸ்பூன் கீழ கெடந்துச்சு.

— ...

— ஏழு வாரம் ஆச்சு, மேடம். இந்த ‘ஆச்சு’ சொல்லலாம்ல?

— ...சொல்லலாம்மா.

— அழாதீங்க. நான் அழலயே.

— டாக்டர் வந்து பாத்தாரா?

— பாத்தாரு. நிமிஷத்துல போன உயிரு, நீங்க பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னாரு. பொண்ணும் அதையேதான் சொல்றா.

— அது நெஜம்தானே?

— நெஜம்தான். நான் ஒண்ணும் பண்ண வேணாம்னுதானே அவரு மூணு தட்டினாரு. பக்கத்துல உக்காந்திருந்தா போதும்னுதானே. நான் எதுக்கு ஆவேன், வேலைக்கு மட்டும்தான்னு உங்ககிட்ட அழுதேன்ல? வேலை ஒண்ணும் இல்லாம என்னை மட்டும் கூப்பிட்ட ஒரு ஆளு வீட்லயே இருந்திருக்காரு, மேடம். எப்பவாச்சும்தான். ஆனா கூப்பிட்டாரு. அது தெரியாமத்தான் இங்க வந்து தேடிட்டிருந்தேன்.

— ஏழு வாரமா எங்கிட்ட ஏன்ம்மா சொல்லல?

— எப்படிச் சொல்றது? நீங்க என் பொண்ண விடச் சின்னவங்க. நீங்க சொன்ன டீன்னு உங்களுக்குத் தோணிடும். அந்தப் பாரத்த உங்க தலையில ஏத்தவா நான் வாராவாரம் வர்றேன்? நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தி வந்து இதே நாற்காலில உக்காந்தா, உக்காந்து ஒரு டீ குடிங்கன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராமப் போயிடுமே.

— எனக்காகவா அவரு இருக்கற மாதிரியே...

— மருந்து குடுத்தாச்சு, திருப்பியாச்சு. வர்ற வழியெல்லாம் பஸ்ல சொல்லிப் பாத்துப்பேன். உக்காந்தா மறந்துடும்னு நின்னுட்டே வருவேன். அதுக்கும் இனிமே தெம்பு இல்ல. அதான் நிறுத்திக்கலாம்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— ஜன்னல தொடச்சாச்சுன்னா, யாருன்னு கேட்டீங்க. ரப்பர் வச்சு அழிச்சாச்சுன்னா, யாருன்னு கேட்டீங்க. மருந்து குடுத்தாச்சுன்னு சொன்னா மட்டும் ‘ம்’முன்னு சொல்லிட்டு நோட்ட கேக்கறீங்க. முன்னாடியெல்லாம் அதுக்குத்தான் பிடி பிடின்னு பிடிப்பீங்க. இப்ப அஞ்சு வாரமா அத மட்டும் கேக்கவே இல்ல.

— அது...

— உங்களுக்குத் தெரியும்ல?

— ...தெரிய வந்துச்சு.

— எப்படி?

— உங்க பொண்ணுகிட்டருந்து போன் வந்துச்சு. அப்பா போனதுலருந்து அம்மா ஒண்ணுமே பேசறதில்ல, உங்ககிட்டயாவது பேசறாங்களான்னு. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து பாத்தப்ப, நான் டீ குடிச்சிட்டிருந்தேன், டீ குடிச்சிட்டிருந்தேன்னு அத மட்டும் சொல்லிட்டே இருந்தீங்கன்னு... அப்பதான் புரிஞ்சுபோச்சு.

— மேடம்.

— ம்?

— தெரிய வந்துச்சு, போன் வந்துச்சு, புரிஞ்சுபோச்சு. ‘ஏன்’ல ஒண்ணு கூட முடியலயே.

— ...நீங்களா சொல்லட்டும்னு காத்திருந்தேன்ம்மா.

— ஆங், ‘ஏன்’லதான் முடியுது. நெஜமா?

— இந்தத் தொழில்ல அப்படித்தான். வர்றவங்களா வாயத் தொறக்கற வரைக்கும் நாங்க...

— உங்க போன் மதியத்துலருந்து வெளிய சார்ஜ்ல இருக்குன்னு ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சு. போன்ல இருந்தேன், கதவத் தட்டினது காதுல விழலன்னீங்க. கோவத்துல கேக்கலம்மா. சும்மாதான் கேக்கறேன்.

— மூணு தட்டும் கேட்டேன்ம்மா. இதே நாற்காலிலதான் உக்காந்திருந்தேன். இன்னிக்குச் சொல்லிடுவீங்களோ, இன்னிக்குச் சொல்லிடுவீங்களோன்னு அஞ்சு வாரமா... எந்திரிக்கல. பயந்தேன்.